காணாக்கடியும் வீசிங்கும் ஒண்ணா வந்தா

(எபிசோடில் பேசியதன் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தியிருக்கிறோம்.)

இன்னைக்கு நான் பண்ணின ஒரு தப்பைச் சொல்லி ஆரம்பிக்கிறேன்.

என் பெரியப்பா பையன், எனக்கு அண்ணன், கும்மிடிப்பூண்டி சிப்காட்ல ஒரு ரோலிங் மில்லில் வேலை பார்க்கிறார். சின்ன வயசிலிருந்தே அவருக்கு வீசிங் உண்டு. இன்ஹேலர் இல்லாம வீட்டை விட்டு இறங்க மாட்டார். ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை நான் அவங்க வீட்டுக்குப் போயிருந்தேன். பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டு இறால் வந்திருந்தது. பெரியம்மா தொக்கு வெச்சாங்க. பன்னிரண்டரை மணிக்குச் சாப்பிட்டோம். அண்ணனுக்கு முந்தின நாள் ஓவர்டைம், உடம்பெல்லாம் வலி. சாப்பிட்டதும் ஒரு வலி மாத்திரை போட்டுக்கிட்டார். ரெண்டு மணிக்கு ஷிஃப்ட். வண்டி பஞ்சர் ஆகியிருந்ததால பழைய சைக்கிளை எடுத்துக்கிட்டு அந்த வெயில்ல மிதிச்சுப் போனார்.

மில் கேட்டுக்குப் போய்ச் சேரும்போதே போன் வந்தது. "டேய் தம்பி, உடம்பெல்லாம் திட்டுத் திட்டா தடிச்சிருக்குடா, அரிப்பு தாங்க முடியல. மூச்சும் வாங்குது." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வெயில்ல மிதிச்சீங்கல்ல அண்ணா, வீசிங்தான். ரெண்டு பஃப் எடுங்க, நான் வர்றேன்."

அந்த "வீசிங்தான்" இருக்கே, அதுதான் தப்பு. இந்த எபிசோடே அந்த ஒரு வார்த்தையைப் பத்தித்தான்.

பக்கத்துல இருந்த ஒரு கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போனேன். அவில் ஒண்ணு, டெக்கா ஒண்ணுன்னு ரெண்டு ஊசி. நம்ம ஊர்ல அரிப்புன்னு போனா இது ரெண்டும் சேர்ந்துதான் வரும், உங்களுக்கே தெரியும். அரை மணி நேரத்துல தடிப்பு குறைஞ்சது. வீட்டுக்கு வந்துட்டோம். பெரியம்மா பார்த்துட்டு "காணாக்கடி"ன்னாங்க. வேப்பிலையால தடவி விட்டாங்க. ராத்திரி ஒன்பது மணிக்கு மறுபடியும் ஆரம்பிச்சது. இந்தத் தடவை தடிப்பு கம்மி. ஆனா வாந்தி, குரல் கரகரப்பு, எழுந்து நின்னா கண்ணு இருட்டுது. அரசு மருத்துவமனைக்குத் தூக்கிட்டு ஓடினோம். அங்க இருந்த டியூட்டி டாக்டர் ஒரு நிமிஷம் கூட யோசிக்கல. தொடையில ஒரு ஊசி. பத்து நிமிஷத்துல அண்ணன் பேச ஆரம்பிச்சுட்டார்.

அந்த ஊசி அட்ரினலின். மதியமே போட்டிருக்க வேண்டியது.

முதல்ல காணாக்கடின்ற வார்த்தையை எடுத்துக்குவோம். எனக்கு ரொம்பப் பிடிச்ச வார்த்தை இது. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒண்ணு கடிச்சிருச்சு, அதனால தடிப்பு. மருத்துவத்துல அர்ட்டிகேரியாம்பாங்க. கடிச்சது வெளியில இல்ல, உள்ள இருக்குன்றது மட்டும்தான் வித்தியாசம். நம்ம தோலுக்கு அடியிலயும், மூக்கு, மூச்சுக்குழாய், குடல் சுவர்லயும் மாஸ்ட் செல்னு ஒரு வகை செல் காவல் நிக்குது. அதுக்குள்ள ஹிஸ்டமின் மாதிரியான ரசாயனங்கள் பொட்டலம் பொட்டலமா கட்டி வெச்சிருக்கும். ஏதோ ஒரு காரணத்துல அந்தப் பொட்டலம் உடைஞ்சா, சுத்தியிருக்கிற ரத்தக்குழாய் விரிஞ்சு நீர் கசியும். தோல்ல நடந்தா தடிப்பு. உதட்டிலயும் தொண்டையிலயும் நடந்தா வீக்கம். மூச்சுக்குழாய்ல நடந்தா இளைப்பு. குடல்ல நடந்தா வயித்து வலி, வாந்தி. உடம்பு முழுக்க ஒரே நேரத்துல நடந்தா பிரஷர் இறங்கிடும். அதுக்குப் பேர் அனஃபிலாக்சிஸ்.

உடனே பயந்துடாதீங்க. தடிப்பு மட்டும் வந்தா பெரும்பாலும் ஆபத்து இல்ல. குழந்தைகளுக்குத் திடீர்னு வர்றதுல நிறைய, ஏதாவது வைரஸ் காய்ச்சலோட சேர்ந்து வர்றதுதான். வியர்த்தா மட்டும் சின்னச் சின்னப் பொரியா வர்ற வகை ஒண்ணு இருக்கு. ஃபர்னஸ் பக்கத்துல நிக்கிறவங்க, ஜிம்முக்குப் போறவங்க கவனிச்சிருப்பீங்க. ஆறு வாரத்துக்கு மேல விட்டு விட்டு வந்துக்கிட்டே இருந்தா அது நாள்பட்ட வகை. அதுல சாப்பாடு காரணமா இருக்கிறது ரொம்ப அபூர்வம். கத்திரிக்காய், கருவாடுன்னு ஒவ்வொண்ணா நிறுத்திப் பார்த்து பட்டினி கிடக்கிறதால ஒண்ணும் ஆகப் போறதில்ல.

கேள்வி எப்ப மாறுதுன்னா, தடிப்போட இன்னொண்ணு சேரும்போது. மூச்சு, குரல், வாந்தி, தலைசுத்தல் இதுல ஏதாவது ஒண்ணு சில நிமிஷத்துல இருந்து ஒண்ணு ரெண்டு மணி நேரத்துக்குள்ள தடிப்போட கூட வந்துச்சுன்னா, அது வெறும் தோல் பிரச்சினை இல்ல. ஆஸ்துமா இருக்கிறவங்களுக்கு இங்கதான் பெரிய குழப்பம். மத்தவங்களுக்கு மூச்சு வாங்கினா "ஐயோ என்னமோ ஆகுது"ன்னு பதறுவாங்க. ஆஸ்துமாக்காரருக்கு மூச்சு வாங்கினா அது வழக்கம்தானே? பையில இன்ஹேலர் இருக்கு, அதை எடுத்து அடிச்சுட்டு உட்காருவார். அதுக்கு மேல, ஏற்கெனவே புண்பட்டு இறுகிப் போயிருக்கிற மூச்சுக்குழாய் அலர்ஜி நேரத்துல இன்னும் சீக்கிரமா அடைச்சுக்கும். 2001-ல அமெரிக்காவில் ஒரு ஆய்வு வந்தது. உணவு அலர்ஜியால நடந்த 32 மரணங்களை ஒவ்வொண்ணா எடுத்துப் பார்த்தாங்க. விவரம் கிடைச்சவங்கள்ல கிட்டத்தட்ட எல்லோருக்கும் ஆஸ்துமா இருந்தது. பெரும்பாலானவங்க கையில அந்த நேரம் அட்ரினலின் இல்ல.

இப்ப அந்த மதியத்துக்கு வருவோம். இன்ஹேலர் அடிச்சோமே, அது ஏன் போதாது? அவில் போட்டாங்களே?

இன்ஹேலர்ல இருக்கிற சல்பூட்டமால் ஒரே ஒரு வேலைதான் செய்யும், மூச்சுக்குழாயைச் சுத்தியிருக்கிற தசையைத் தளர்த்தும். தொண்டை வீக்கத்தைத் தொடாது. இறங்கின பிரஷரைத் தூக்காது. அவில் ஹிஸ்டமினை மட்டும் தடுக்கும். அரிப்பு, தடிப்புக்கு நல்லா கேக்கும், ஆனா பொட்டலம் உடையும்போது வெளிய வர்றது ஹிஸ்டமின் மட்டும் இல்ல. டெக்கா ஸ்டீராய்டு, அது முழுசா வேலை செய்யவே சில மணி நேரம் ஆகும். அட்ரினலின் ஒண்ணுதான் எல்லாத்தையும் சேர்த்துச் செய்யுது. விரிஞ்ச ரத்தக்குழாயைச் சுருக்கி வீக்கத்தைக் குறைக்கும், இதயத்துக்கு வேகம் கொடுக்கும், மூச்சுக்குழாயைத் திறக்கும், மாஸ்ட் செல் மேற்கொண்டு பொட்டலம் உடைக்கிறதையும் அடக்கும். நம்ம சிறுநீரகத்து மேல உட்கார்ந்திருக்கிற சுரப்பி தினமும் சுரக்கிற அதே பொருள்தான் இது.

தோல் அடங்கினதும் நாங்க நிம்மதியா வீட்டுக்கு வந்தோம் பாருங்க, அதுதான் இதுல மோசமான பகுதி. அலாரத்தை மியூட் பண்ணிட்டு சர்வர் சரியாயிடுச்சுன்னு லாக்-அவுட் பண்ணின மாதிரி. இந்த ரியாக்‌ஷன் சில பேருக்கு ரெண்டாவது அலையா திரும்ப வரும். பெரும்பாலும் அன்னைக்கே சில மணி நேரத்துல, சில சமயம் மூணு நாள் வரைக்கும் கூட. அதனாலதான் சரியான பிறகும் மருத்துவமனையில சில மணி நேரம் வெச்சுப் பார்க்கிறாங்க. "எல்லாம் சரியாயிடுச்சு சார், விடுங்க"ன்னு சண்டை போடாதீங்க.

ராத்திரி தடிப்பு கம்மியா இருந்ததும் எங்களைக் குழப்புச்சு. அனஃபிலாக்சிஸ் வந்தவங்கள்ல பத்துல ஒண்ணு ரெண்டு பேருக்குத் தோல்ல ஒண்ணுமே தெரியாது. 2020-ல உலக அலர்ஜி அமைப்பு வழிகாட்டுதலை மாத்தி எழுதினப்போ இதைத் தெளிவாவே சேர்த்தாங்க. அலர்ஜி உள்ள பொருளைச் சாப்பிட்ட பிறகு திடீர்னு மூச்சோ பிரஷரோ கெட்டா, தடிப்பு இல்லாட்டியும் அதை அனஃபிலாக்சிஸ்னே எடுத்துக்கணும்.

சரி, இருபத்தெட்டு வருஷமா இறால் சாப்பிட்டவருக்கு அன்னைக்கு மட்டும் ஏன்? ஊர்ல எல்லாரும் கேட்டது இதைத்தான். இறால் கெட்டுப் போயிருந்ததான்னு மீன்காரம்மா கிட்ட சண்டைக்கே போயிட்டாங்க பெரியம்மா. அதே இறாலை நான் மூணு கரண்டி சாப்பிட்டேன், எனக்கு ஒண்ணும் ஆகல.

அலர்ஜி முதல் தடவையே வர்றது இல்ல. உடம்பு முதல்ல ஒரு பொருளைப் "பகை"ன்னு குறிச்சு வெச்சுக்கணும், அதுக்கப்புறம்தான் சண்டை. 1902-ல பிரான்ஸ்ல சார்ல் ரிஷேவும் பால் போர்ட்டியேவும் கடல் சாமந்தியோட விஷத்தை நாய்களுக்குக் கொஞ்சமா கொடுத்துப் பழக்கப் பார்த்தாங்க. முதல் தடவை தாங்கின நாய், சில வாரம் கழிச்சு அதே மாதிரி கொடுத்ததும் அரை மணி நேரத்துக்குள்ள செத்துப் போச்சு. பாதுகாப்பு வரும்னு எதிர்பார்த்தா நேர் எதிரா நடந்தது. அனஃபிலாக்சிஸ்ன்ற பேரே அங்கிருந்துதான் வந்தது. ரிஷேவுக்கு 1913-ல நோபல் பரிசும் கிடைச்சது. அந்தக் குறிப்பு எழுதி வைக்கிற புரதம் ஐஜிஈ. அதை இஷிசாகா தம்பதி 1966-ல கண்டுபிடிச்சாங்க.

இறால் கதையில நமக்கு இன்னும் நெருக்கமான ஒரு விஷயம் இருக்கு. இறால்ல எந்தப் புரதம் அலர்ஜி கொடுக்குதுன்னு தேடினதுல மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்துக்கு முக்கியமான பங்கு உண்டு. அணு ஆராய்ச்சி பண்ற இடத்துல இறாலுக்கு என்ன வேலைன்னு எனக்கும் முதல்ல சிரிப்புதான் வந்தது. அவங்க எடுத்துக்கிட்டது பீனியஸ் இண்டிகஸ், அதாவது வெள்ளை இறால். பழவேற்காடு ஏரியில பிடிக்கிற அதே இனம். கொதிக்க வெச்சாலும் அழியாத ஒரு புரதம் அதுல இருக்குன்னு 1989-ல எழுதினாங்க. அது ட்ரோபோமயோசின்னு ஒரு தசைப் புரதம்னு 1993-ல உறுதி பண்ணினாங்க. "நல்லா வேக வெச்சா ஒண்ணும் ஆகாது"ன்னு சொல்றது ஏன் தப்புன்னு இப்ப புரியுதா?

இந்த ட்ரோபோமயோசின் நண்டு, சிங்கி இறால்லயும் இருக்கு. கரப்பான் பூச்சியிலயும், படுக்கை விரிப்பு, தலையணைல வாழ்ற டஸ்ட் மைட்ன்ற கண்ணுக்குத் தெரியாத உண்ணியிலயும் ஏறக்குறைய அதே வடிவத்துல இருக்கு. நம்ம கடலோர ஈரக் காத்து மைட்டுக்கு சொர்க்கம். ஆஸ்துமா இருக்கிற பல பேருக்கு மைட் அலர்ஜி இருக்கும். மைட்டுக்காக உடம்பு எழுதி வெச்ச குறிப்பு, சில பேர்கிட்ட இறாலுக்கும் பொருந்திடுது. கோட் எழுதுறவங்களுக்குச் சொல்லணும்னா, ரொம்ப லூஸா எழுதின ஒரு ரெஜெக்ஸ். 2003-ல ஒரு ஆய்வு வந்தது. மத விதிப்படி ஓட்டுடலி எதையுமே வாயில வைக்காத ஆர்த்தடாக்ஸ் யூதர்கள்ல, மைட் அலர்ஜி உள்ளவங்களோட ரத்தத்தைப் பார்த்தாங்க. வாழ்க்கையில இறால் சாப்பிடாதவங்க ரத்தத்துல இறால் ட்ரோபோமயோசினைப் பிடிக்கிற ஐஜிஈ இருந்தது.

ஆனா டெஸ்ட்ல பாசிட்டிவ்னு வந்தா அலர்ஜின்னு அர்த்தம் இல்ல. நிறைய பேர் பாசிட்டிவா இருந்துக்கிட்டு நிம்மதியா இறால் சாப்பிடுறாங்க. சாப்பிட்டா என்ன ஆச்சுன்ற கதையும் டெஸ்ட்டும் சேர்ந்தாதான் முடிவு. லேப்ல இருநூறு பொருளுக்கு ஒரே பேக்கேஜ்னு விக்கிறாங்களே, அதை எடுத்துட்டு வந்து பாதிச் சாப்பாட்டை நிறுத்தினவங்க எனக்கே ரெண்டு மூணு பேர் தெரியும். காசும் போச்சு, ருசியும் போச்சு. இன்னொண்ணு, மீன் வேற இறால் வேற. மீன்ல அலர்ஜி கொடுக்கிறது பெரும்பாலும் பார்வால்புமின்னு இன்னொரு புரதம். அண்ணன் இன்னைக்கும் வஞ்சிரம் சாப்பிடுறார். டாக்டர் கிட்ட கேட்டுட்டுத்தான்.

சரி, அப்பவும் "அன்னைக்கு மட்டும் ஏன்" முழுசா பதில் ஆகல. மருந்து மாத்திரை லிஸ்ட்டைக் கேட்டுக்கிட்டே வந்த அலர்ஜி டாக்டர், வலி மாத்திரையும் சைக்கிளும்னு சொன்னதும் நிறுத்தினார். சில பேருக்கு உணவு மட்டும் ஒண்ணும் பண்ணாது. சாப்பிட்டு சில மணி நேரத்துக்குள்ள உடம்பை வருத்தினா மட்டும் வெடிக்கும். 1979-ல முதல் தடவை இதை விவரிச்சப்போ அந்த நோயாளி சாப்பிட்டிருந்ததும் ஓட்டுடலிதான். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரைகளும், மதுவும், காய்ச்சலும் இதே மாதிரி வாசலைத் தாழ்த்திவிடும். அண்ணன் கதையில இறால், மாத்திரை, வெயில்ல சைக்கிள்னு மூணும் ஒரே மதியத்துல சேர்ந்திருக்கு. ரெண்டு வாரம் முன்னாடி இறால் சாப்பிட்டுட்டுத் தூங்கியிருக்கார், ஒண்ணும் ஆகல.

வலி மாத்திரை பத்தித் தனியா ஒண்ணு. ஆஸ்துமா உள்ளவங்கள்ல ஒரு பகுதிப் பேருக்கு, இறால் எதுவும் இல்லாமலே இந்த மாத்திரைகள் மட்டும் கடுமையான இளைப்பைக் கொண்டு வரும். மூக்குல சதை வளர்ந்து வாசனை தெரியாம இருக்கிறவங்க குறிப்பா கவனிக்கணும். கம்பெனி கேன்டீன் பக்கத்துக் கடையில உடம்பு வலின்னு கேட்டா என்ன மாத்திரைன்னு சொல்லாமலே ரெண்டு கத்தரிச்சுக் கொடுப்பாங்க. பேரைக் கேட்டு வாங்குங்க. ஆஸ்துமா இருக்குன்னும் சொல்லுங்க. பாராசிட்டமால் வழக்கமான அளவுல பெரும்பாலானவங்களுக்குப் பிரச்சினை பண்றது இல்ல.

சிப்காட் பக்கம் கேக்கிறவங்களுக்கு இன்னொரு விஷயம். எல்லாமே சாப்பாட்டால வர்றது இல்ல. ஸ்ப்ரே பெயின்ட் ஹார்ட்னர், ஃபோம் தயாரிப்புல வர்ற ஐசோசயனேட், எபாக்ஸி பிசின், சால்டரிங் ஃப்ளக்ஸ் புகை, லேடெக்ஸ் கையுறை எல்லாம் உடம்பைக் கொஞ்சம் கொஞ்சமா பகையாக்கக்கூடியவை. அடையாளம் சுலபம். லீவு நாள்ல நல்லா இருக்கும், திங்கட்கிழமை ஷிஃப்ட் முடியும்போது நெஞ்சு இறுகும். இப்படி வேலையால வர்ற ஆஸ்துமா சட்டப்படி தொழில்சார் நோயாவே இருக்கு. இ.எஸ்.ஐ. டாக்டர் கிட்ட போகும்போது "இளைப்பு"ன்னு மட்டும் சொல்லாம என்ன பொருளைக் கையாள்றீங்கன்னும் சொல்லுங்க. டப்பா லேபிளைப் போட்டோ எடுத்துட்டுப் போனா இன்னும் நல்லது.

அப்ப, அந்த நேரத்துல என்ன பண்ணணும்? இதை மட்டும் மெதுவாச் சொல்றேன்.

தடிப்போட மூச்சோ, குரலோ, வாந்தியோ, மயக்கமோ சேர்ந்தா படுக்க வையுங்க, காலைக் கொஞ்சம் தூக்கி வையுங்க. மூச்சு ரொம்ப வாங்கினா காலை நீட்டி உட்கார வைக்கலாம். எழுந்து நிக்க வைக்கவோ நடத்திக் கூட்டிட்டுப் போகவோ கூடாது. பிரஷர் இறங்கினவர் திடீர்னு எழுந்தா இதயத்துக்கு ரத்தம் வராம அங்கயே விழுந்துடலாம். நாங்க அண்ணனை மாடிப்படி இறக்கி, பைக்ல நடுவுல உட்கார வெச்சுக் கூட்டிட்டுப் போனோம். இப்ப நினைச்சா வயிறு கலங்குது. 108-க்குப் போன் போட்டு "அலர்ஜி, மூச்சுத் திணறல்"னு ரெண்டையும் சேர்த்துச் சொல்லுங்க. ஆஸ்துமாவா அனஃபிலாக்சிஸா சந்தேகம்னா அட்ரினலின்தான் முதல்ல. இன்ஹேலர் அதுக்கு அப்புறம், அதுக்குப் பதிலா இல்ல.

பெரியவங்களுக்கு அரை மில்லிகிராம், தொடையோட வெளிப்பக்கத் தசையில. ஏன் தொடை? 1998-ல கனடாவில் குழந்தைகளை வெச்சு அளந்தாங்க. தொடைத் தசையில போட்டப்போ மருந்து ரத்தத்துல உச்சத்துக்குப் போக சராசரியா 8 நிமிஷம். தோலுக்கு அடியில போட்டப்போ 34 நிமிஷம். பிரிட்டன்ல நடந்த அலர்ஜி மரணங்களை ஆராய்ந்து 2000-ல வந்த கட்டுரை, உணவால வர்ற ரியாக்‌ஷன்ல இதயம் நிக்க எடுத்துக்கிட்ட நேரத்தோட நடுமதிப்பு 30 நிமிஷம்னு சொல்லுது. இந்த ரெண்டு எண்ணையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னை பெரிய மருத்துவமனைக்கு 40 கிலோமீட்டருக்கு மேல. பெரிய ஆஸ்பத்திரிக்கே போயிடலாம்னு கிளம்பாதீங்க. அட்ரினலின் இருக்கிற பக்கத்து அரசு மருத்துவமனைதான் அந்த அரை மணி நேரத்துக்குப் பெரிய ஆஸ்பத்திரி.

"வெளிநாட்டுப் படத்துல பேனா மாதிரி குத்திக்கிறாங்களே, அது எங்க கிடைக்கும்"னு போன வாரமே ஒருத்தர் கேட்டிருந்தார். ஆட்டோ-இன்ஜெக்டர் நம்ம தெரு மருந்துக்கடையில சாதாரணமா கிடைக்கிற பொருள் இல்ல, விலையும் அதிகம். ஆனா அட்ரினலின் ஆம்பூல் நம்ம நாட்டோட அத்தியாவசிய மருந்துப் பட்டியல்ல இருக்கிற, ரொம்ப விலை குறைஞ்ச மருந்து. ஒரு தடவை இப்படி வந்தவங்களுக்குச் சில டாக்டர்கள் ஆம்பூலும் சிரிஞ்சும் எழுதிக் கொடுத்து, எவ்வளவு எடுக்கணும், எங்க போடணும்னு வீட்ல ஒருத்தருக்கும் சேர்த்துப் பழக்கி விடுறாங்க. பாட்காஸ்ட் கேட்டுட்டு நீங்களா வாங்கி வெச்சுக்காதீங்க. அளவு தப்பினாலோ நரம்புல போட்டாலோ ஆபத்து. மைக்ரேனுக்கோ படபடப்புக்கோ ப்ரோப்ரனலால் சாப்பிடுறவங்க அதை டாக்டர் கிட்ட கண்டிப்பா சொல்லணும். அது அட்ரினலினை வேலை செய்ய விடாது, ஆஸ்துமாவுக்கும் ஆகாது.

அண்ணனுக்குப் பழக்கி விட்டாங்க. பெரியம்மாவுக்கும்தான். ஆரஞ்சுப் பழத்துல தண்ணி ஏத்திப் பழகினாங்க, அன்னைக்கு வீட்ல சிரிப்புதான். அவர் ஐடி கார்டுக்குப் பின்னாடி ஒரு சின்ன அட்டை இருக்கு: "ஆஸ்துமா உண்டு. இறால், நண்டு அலர்ஜி. வலி ஊசி போட வேண்டாம்." ஷிஃப்ட்ல கூட இருக்கிற ரெண்டு பேருக்குப் பை எங்க இருக்குன்னு தெரியும். பிரச்சினை மில்லோட சூடு. அட்ரினலின் வெளிச்சத்துலயும் சூட்டுலயும் கெட்டுடும். தெளிவா தண்ணி மாதிரி இருக்கணும், பழுப்பு நிறம் வந்தாலோ உள்ள துகள் தெரிஞ்சாலோ தூக்கிப் போட்டுடணும். அதனால லாக்கர்ல வைக்கிறது இல்ல. கேட் பக்கத்து முதலுதவி ரூம்ல, சுவர் அலமாரியில, அவர் பேர் எழுதின டப்பாவுல இருக்கு. மாசம் முதல் தேதி சம்பளம் வந்த மெசேஜ் பார்த்ததும் போய்த் திறந்து நிறம் பார்த்துட்டு வர்றார்.